அறுபத்து நான்கு என்று எழுதியிருந்தது

நாரின் ஊரில் வெளியே மைனஸ் பத்தொன்பது.
கால்நடை மருத்துவ அலுவலகத்தின் ஒரே கணினி
மாலை நாலரைக்கு நீலமாகி
அப்புறம் கறுப்பாகி
ஒரே ஒரு வெள்ளை வரி சொன்னது:
துவக்கச் சாதனம் இல்லை.

புருல்சா மேல்கோட்டைக் கழற்றவே இல்லை.
காலை ஏழுக்குத் தடுப்பூசி வண்டி.
எந்தப் பட்டியில் எத்தனை ஆடு,
எந்தக் காதில் எந்த எண்,
எல்லாம் அந்தப் பெட்டிக்குள்.
வட்டு சாகவில்லை, அது சுழலும் சத்தம் கேட்கிறது.
எழுப்ப ஆளில்லாமல் கிடக்கிறது, அவ்வளவுதான்.

பஜாரில் வாங்கிய பென் டிரைவ்.
முதுகில் பொன் எழுத்தில் 64 ஜிபி.
வீட்டு லேப்டாப்பில் நிறுவல் கோப்பை இறக்கி
முதலில் அப்படியே இழுத்து அதில் போட்டாள்.
ஏட்டுச் சுரைக்காய்.
இயந்திரம் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எழுதித் தரும் மென்பொருளைத் தேடிப் பிடித்தாள்.
அதன் பழைய வடிவமைப்பு
நான்கு ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக விழுங்காதாம்.
உள்ளே ஒரு கோப்பு ஐந்தே கால்.
வடிவமைப்பை மாற்றினாள். எழுதினாள்.
நூறு சதவீதம். பச்சை.
விசையைத் தட்டினாள், தட்டினாள்,
கடன் கேட்க வந்தவன் கதவைத் தட்டுவதுபோல.
பட்டியலில் குச்சியின் பெயர் வந்தது.
தேர்ந்தெடுத்தாள்.
கறுப்பு.

பாதுகாப்பான துவக்கத்தை அணைத்தாள். மறுபடி போட்டாள்.
பழைய முறை. புதிய முறை.
முன் துளை, பின் துளை, நீலத் துளை.
பூட் ஆக வேண்டியது
பூட்டாகவே இருந்தது.

பத்து மணிக்கு ஷெய்ஷென் வந்தான், வண்டி ஓட்டுநர்.
பூட்ஸில் பனி, கையில் தேநீர்க் குடுவை.
கணினி பற்றி ஒன்றும் தெரியாது அவனுக்கு.
"டாங்கில் டீசல்தான் இருக்கிறதா,
நீ பார்த்தாயா,
இல்லை ஊற்றியவன் சொன்னதா?"

அவள் ஒன்றும் பேசவில்லை.
இறக்கிய கோப்பின் கையெழுத்தைச் சரிபார்த்தாள்: சரி.
குச்சியில் எழுதியதைத் திரும்பப் படித்தாள்:
நான்கு ஜிபி வரை எழுத்து பிசகவில்லை.
அதற்கப்பால்
சுழியம், சுழியம், சுழியம்.

ஷெய்ஷென் தேநீர் சிந்தச் சிரித்தான்.
"மீட்டரைத் திருப்பி விற்ற வண்டி!"

ஊரில் கடைகள் மூடிவிட்டன.
அவன் இறங்கிப் போய்
வண்டியின் பாட்டுப்பெட்டியிலிருந்து பிடுங்கி வந்தான்
கறுப்புக் குச்சி, முப்பத்திரண்டு, அசல்.
திரை கேட்டது:
இதிலுள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?
"அழி. எல்லாம் எனக்கு மனப்பாடம்."
கொஞ்சம் கழித்து:
"முந்நூற்றுப் பதினொன்று."

லேப்டாப்பில் மீதி இடம் துளி.
பதினான்கு பாட்டு பிடிக்கும் என்றாள்.
அவன் உட்கார்ந்தான்.
இருபது நிமிடம்.
ஒன்றை எடுத்தான், வைத்தான், வேறொன்றை எடுத்தான்,
ஒன்றுக்காக இன்னொன்றிடம் மன்னிப்புக் கேட்பவன்போல
திரையை விரலால் தொட்டான்.
மணி பதினொன்றரை.
அவள் அவசரப்படுத்தவில்லை.

ஒன்று நாற்பதுக்கு
சின்னப் புள்ளிகள் வட்டம் சுற்றின.
எந்த மொழி என்று கேட்டது.
எந்த ஊர் நேரம் என்று கேட்டது.
எந்தப் பகுதியில் இறங்கட்டும் என்று கேட்டபோது மட்டும்
புருல்சா எழுந்து நின்று மூன்று முறை படித்தாள்.
பட்டியல் இருந்த பகுதியை விட்டு
பக்கத்தில் விரல் வைத்தாள்.

ஐந்தரைக்கு அச்சுப்பொறி இருமியது.
நாற்பத்தொரு தாள்.

ஏழுக்குக் கிளம்பிய வண்டியில்
பாட்டுப்பெட்டியின் துளை காலி.
கணவாய் திரும்பும்வரை ஷெய்ஷென் பாடியது கேட்டதாம்,
இரண்டாம் சரணம் எல்லாம் ம்ம் ம்ம் என்று.

பஜார் குச்சியை அவள் எறியவில்லை.
பேனாவால் 64ஐ அடித்து
4 என்று எழுதினாள்.
ஆட்டுப் பட்டியலின் நகலை அதில் வைத்து
சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டாள்.
நான்கு வரை
அது பொய் சொல்லவில்லையே.